விடை இல்லாத புத்தகம்

ஜனவரி 12

அன்புத் தம்பி அவசரத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாம் வழக்கம்போல. உன் உடம்பு எப்படி இருக்கிறது, அந்த லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் உன்னை நேரத்துக்குச் சாப்பிட விடுகிறார்களா என்று எழுது.

கடிதத்தைப் பார்த்ததும், அவசரம் என்று நான் வைத்த பெயரைக் காப்பாற்ற, "போனுக்கு என்ன கேடு" என்று கத்துவாய். போன் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு அறை வீட்டில் இங்கே பேசினால் அங்கே கேட்கிறது, அவ்வளவுதான். நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து பேசலாம் என்றால், லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தின் இரைச்சலில் நீ சொல்வது எனக்குக் கேட்காது. அதனால் சாப்பாட்டு இடைவேளையில், பிரேம் அடுக்கியிருக்கும் கண்ணாடிப் பெட்டிமேல் தாளை வைத்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். எனக்கு மேல் கணிதம் படிக்க வேண்டும். பரீட்சைக்கு இல்லை. நானாக, வீட்டில் உட்கார்ந்து. கல்லூரியில் படித்த நுண்கணிதம் அரைகுறையாக நினைவிருக்கிறது. அதற்குமேல் எங்கே தொடங்குவது, எந்தப் புத்தகம் வாங்குவது என்று தெரியவில்லை. வீட்டு அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துத் திறந்தேன். முன்னுரையைத் தாண்டியதும் மூழ்கிவிட்டேன். "எளிதில் காணலாம்" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறான். எனக்கு ஒன்றும் காணக் கிடைக்கவில்லை.

நீ யார் உதவியும் இல்லாமல் நிறையப் படித்தவன். சிடுசிடுக்காமல் ஒரு நல்ல புத்தகம் சொல்லு.

காற்றில்லாத லிஃப்ட் அறைக்குள் நெடுநேரம் நிற்காதே.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீயும் அப்படியே என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் கேள்வி. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மனுஷனைக் கட்டிக்கொண்டு, லிஃப்ட் பழுது பார்க்கிறவனிடம் எதற்குப் புத்தகம் கேட்கிறாய்? அத்தானிடம் கேட்டால் ஒன்றுக்குப் பத்து சொல்வார். சொன்னதோடு விடவும் மாட்டார். போன தடவை நான் வந்தபோது, செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாரே: "நேர்மையாச் சொல்லு மச்சான், உன் லிஃப்ட் நாலாவது மாடியில நிக்குமா, தோராயமா நாலாவது மாடியில நிக்குமா?" அந்த வாய்க்கு இப்போது என்ன, விடுமுறையா?

இரண்டாவது, "மேல் கணிதம்" என்று ஒரு பாடம் கிடையாது. துணிக்கடைக்குப் போய் "துணி கொடுங்க" என்று கேட்பது மாதிரி இருக்கிறது. உனக்கு நுண்கணிதம் பாதி தெரியும் என்பதால் பகுப்பாய்வில் தொடங்கு. நுண்கணிதத்தில் நம்பச் சொன்னதையெல்லாம் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்கிற பாடம் அது. உன் சுபாவத்துக்கு ஒத்துவரும்.

புத்தகம் வாங்குகிற முறை. பெரிய பெயர் என்று மயங்காதே. கடையில் நின்றபடியே நடுவில் ஒரு பக்கத்தைத் திற. முழுதும் புரிந்தால் வாங்காதே. ஒன்றுமே புரியாவிட்டாலும் வாங்காதே. பாதி புரிந்து மீதி எரிச்சல் மூட்டினால், அதுதான் உன் புத்தகம். விளக்கம் நிறைய இருக்க வேண்டும். பின்பக்கத்தில் விடைகள் கட்டாயம் இருக்க வேண்டும். தனியாகப் படிக்கிறவருக்கு விடைப் பக்கம்தான் வாத்தியார்.

அப்படி ஒன்றைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தலையணை அளவு. படங்கள் உண்டு. நாவல் மாதிரிப் படுத்துக்கொண்டு படிக்காதே, பென்சிலோடு உட்கார்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

புத்தகம் வந்தது. உன் கையெழுத்தில் என் முகவரியைப் பார்த்ததுமே மனசு நிறைந்தது. நான் நலம். வருஷா வருஷம் பனியில் உனக்குப் பிடிக்குமே, அந்தச் சளி விட்டுவிட்டதா? எழுதவில்லையே.

கோபித்துக்கொள்ளாதே, அந்தப் புத்தகம் சரிவரவில்லை. உன் மேல் குறையில்லை. ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. எனக்குப் பேச்சு குறைவாகவும் குறியீடுகள் அதிகமாகவும் உள்ள புத்தகம் வேண்டும். எழுத்து பெரியதாக இருந்தால் நல்லது. ஒரு பக்கத்தில் ஒன்றோ இரண்டோ தேற்றம் போதும்.

இன்னொன்று. பின்பக்கத்தில் விடை வேண்டாம். விடை கையில் இருந்தால் அப்புறம் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்காது.

அவருக்குத் தொண்டை சரியில்லை, அதிகம் பேசுவதில்லை. அதனால்தான் உன்னைத் தொந்தரவு செய்கிறேன்.

கடைக்காரர் என் மேஜைமேல் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இதைப் படிச்சுட்டுத் தேய்ச்சா லென்ஸ் இன்னும் தெளிவாத் தெரியுமா?" என்கிறார். "எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது" என்றேன். அதிலிருந்து பக்கத்தில் வருவதில்லை.

வெந்நீர் குடி.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

சளி போய்விட்டது. இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். புதிதாகப் படிக்கிற எவரும் விளக்கம் வேண்டாம், விடை வேண்டாம், குறியீடு மட்டும் போதும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. பிரேக் இல்லாத லிஃப்ட் இருந்தால் அனுப்பு என்பது மாதிரி. சரி, கேட்டுவிட்டாய். கடை அலமாரியில் யாரும் தொடாமல் கிடந்த ஒன்றை எடுத்து அனுப்புகிறேன். நானே பத்துப் பக்கத்துக்குமேல் தாங்கவில்லை. சமாளி.

இப்போது உண்மையைச் சொல். அத்தானுக்குத் தொண்டை எவ்வளவு நாளாகச் சரியில்லை? நேற்று அவர் போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். அணைத்து வைத்திருக்கிறது. உன்னுடையது அடித்துக்கொண்டே இருந்தது. தொண்டை கட்டின மனுஷனுக்குப் போனைக் காதில் வைக்க என்ன கஷ்டம்? நான் பேசுகிறேன், அவர் கேட்கட்டும். அப்படி ஒரு வாய்ப்பு எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

உங்களுக்குள் ஏதாவது சண்டையா? சண்டை என்றால் எழுது, நான் நடுவில் வரமாட்டேன்.

தம்பி


மார்ச் 9

அக்காவுக்கு,

பதில் இல்லை. நலமா என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை, ஏனென்றால் நீ "நலம்" என்றுதான் எழுதுவாய்.

கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் "சார் அக்டோபர்லேர்ந்து மருத்துவ விடுப்புல இருக்காரே, நீங்க யாரு?" என்றார். நான் யார் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை ரயிலுக்கு இடம் பிடித்திருக்கிறேன். அதற்குள் எழுதினால் விவரம் தெரிந்து வருவேன். எழுதாவிட்டால் தெரியாமல் வருவேன். எப்படியும் வருவேன்.

தம்பி


மார்ச் 15

என் தம்பிக்கு,

மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. படித்து முடித்தபின் திட்டு.

அக்டோபரில் ஒரு காலை, முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்தன. கால் கொஞ்சம் திரும்பிவிட்டது, இப்போது என் தோளைப் பிடித்து ஜன்னல் வரை நடக்கிறார். நான் கடையில் இருக்கும் நேரம் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொள்கிறார். பேச்சு திரும்பவில்லை.

முழுதும் போகவில்லை. ஒரு சொல் மட்டும் தங்கியிருக்கிறது. சிலருக்கு அப்படி ஒன்று நிற்குமாம், எது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். டாக்டர் சொன்னார். நம் ஆளுக்கு நின்றது "ஆகவே".

தண்ணீர் வேண்டும் என்றாலும் ஆகவே. ஜன்னலைச் சாத்து என்றாலும் ஆகவே. வலிக்கிறது என்பதற்கும் அதுதான். முதல் வாரம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அதற்கப்புறம் இருவரும் சிரிக்கவில்லை. ஒருநாள் அந்தச் சொல்லையும் நிறுத்திவிட்டார். நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது. புரிகிறதால்தான் நிறுத்தினார். போனில் அவரைப் பற்றி அவர் எதிரிலேயே எப்படிப் பேசுவேன், சொல்லு?

செய்தித்தாளைக் கையில் கொடுத்தால் கண் வழுக்கிக்கொண்டு போகிறது. சொற்கள் பிடிபடவில்லை. டிசம்பரில் அலமாரியைத் துடைக்கும்போது அவருடைய புத்தகம் ஒன்றை மடியில் வைத்தேன், கனம் தாங்காமல்தான். குனிந்து பார்த்தால் குறியீடுகளின்மேல் விரல் வரி வரியாகப் போகிறது. பக்கம் முடிந்த இடத்தில் சரியாகத் திருப்புகிறார். "என்ன போட்டிருக்கு?" என்றேன். வகுப்புக்குத் தாமதமாக வந்த பையனைப் பார்க்கிற பார்வை. எத்தனை நாள் கழித்து ஒரு பார்வை.

அவர் இருக்கிற இடத்துக்குப் போக எனக்கு வழி தெரியவில்லை. அதனால்தான் புத்தகம் கேட்டேன். நீ இரண்டாவதாக அனுப்பியது எனக்குத் துளியும் எட்டவில்லை.

நீ வருகிறாய் என்று சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு வேளை சாப்பிடவில்லை. உன்னோடு வாயாடியே பழகியவர், வாய் இல்லாமல் உன் முன்னால் உட்கார அவரால் முடியவில்லை. வராதே தம்பி. எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் வராதே.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஒரு பழைய கட்டிடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் நின்று படித்தேன். கீழே ஆறு மாடியிலும் ஆட்கள் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். அழுத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

திட்டச் சொன்னாய். திட்டுகிறேன். ஐந்து மாதம் ஒரு மனுஷனைத் தனியாளாகத் தூக்கி உட்கார வைத்துவிட்டு எனக்கு வெந்நீர் குடி என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் புத்தி இருக்கிறதா? திட்டு முடிந்தது.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அவர் எப்போது சரி என்கிறாரோ அப்போது வருகிறேன்.

இதற்கு முன்னால் புத்தகம் பற்றி நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. யாருக்கு என்று தெரியாமல் சொன்ன யோசனை. நேற்று மறுபடி கடைக்குப் போனேன்.

"யாருக்கு சார் புத்தகம்?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு பேருக்கு. ஒருத்தருக்கு ஒண்ணும் தெரியாது, இன்னொருத்தருக்கு எல்லாம் தெரியும்."

"ரெண்டு பேருக்கும் ஒரே புத்தகமா?"

"ஒரே புத்தகம்தான்."

"கல்யாணப் பரிசா சார்?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது. நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இதை எடுத்திருக்கிறேன். மெலிசானது, மடியில் வைத்தால் கனக்காது. எழுத்து பெரிது. ஓரத்தில் பென்சில் ஓட்ட இடம் இருக்கிறது. நிரூபணங்கள் குட்டி குட்டி, நாலைந்து வரிதான். "ஆகவே" என்று எழுதாமல் எல்லா இடத்திலும் ∴ என்ற மூன்று புள்ளிக் குறிதான் போட்டிருக்கிறான். விடை கிடையாது, நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

புரியாததை எனக்கு எழுது. முதலில் அவரிடம் கேள்.

முதுகைப் பார்த்துக்கொள். குனிந்து தூக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு.

தம்பி


ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னபடி முழங்காலை மடக்கித்தான் தூக்குகிறேன். முதுகு உனக்கு நன்றி சொல்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? இருமல் இன்னும் குடியிருக்கிறதா?

தாமதத்துக்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது. முதலில் புத்தகத்தை அவர் தள்ளிவிட்டார். வற்புறுத்தவில்லை. ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து நான் பாட்டுக்கு உரக்கப் படித்தேன். தப்புத் தப்பாகத்தான். ஒரு குறியீட்டை நான் படித்த விதம் பொறுக்காமல் கட்டிலிலிருந்து "ம்ச்" என்று ஒரு சத்தம். நாலு நாள் கழித்து என் தோளைப் பிடித்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை. ஒரு நிரூபணத்தைப் படித்துக்கொண்டே வந்தேன். மூன்று புள்ளி வந்த இடத்தில் எனக்கு வரி தவறிப்போனது. விரலால் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஆகவே" என்றார்.

தண்ணீருக்கும் ஜன்னலுக்கும் சொன்ன அதே சொல்தான். ஆனால் இந்தத் தடவை அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நான் அடுத்த வரியைப் படித்தேன். அதிலும் பாதியை விழுங்கிவிட்டேன். அவர் மேஜையைத் தட்டினார், ஒழுங்காகப் படி என்று.

அன்றிலிருந்து அப்படித்தான். மற்றதெல்லாம் நான் படிக்கிறேன், மூன்று புள்ளி வந்தால் நிறுத்துகிறேன், அவர் சொல்கிறார். சில நாள் அரைப் பக்கம்கூட நகர்வதில்லை. என்னோடு சேர்ந்து ஒரு மனுஷன் பேசுகிறார் தம்பி, எனக்கு அது போதும்.

ஒரு சந்தேகம். பேனாவை எடுக்காமல் ஒரு கோடு வரைந்தால், அதற்கு எல்லா இடத்திலும் சாய்வு உண்டா என்று பயிற்சியில் கேட்டிருக்கிறது. அவரிடம் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார். நீ சொல்லு. அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அக்கா


மே 3

அக்காவுக்கு,

இருமல் காலி செய்துவிட்டது. உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன், கிரீஸ் பட்டுவிட்டது.

உன் சந்தேகம் சுலபம். லிஃப்டை எடுத்துக்கொள். கீழ்த்தளத்திலிருந்து மேலே போகிறது. நடுவில் மறைந்து வேறு மாடியில் முளைக்காது. அதுதான் தொடர்ச்சி, பேனா எடுக்காத கோடு. ஒவ்வொரு கணமும் அதற்கு ஒரு வேகம் உண்டு. அதுதான் சாய்வு. மேலே போனது சட்டென்று திரும்பிக் கீழே வந்தால் கோட்டில் ஒரு மூலை விழும். மூலையில் சாய்வு சொல்ல முடியாது, ஒரு பக்கம் மேலே இழுக்கும், மறு பக்கம் கீழே இழுக்கும். ஆனால் எந்தக் கோட்டிலும் மூலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்க முடியும். ∴ அந்த மூலைகளை விட்டுவிட்டால் மீதி எல்லா இடத்திலும் சாய்வு உண்டு.

பார், மூன்று புள்ளி போட்டே எழுதிவிட்டேன். அப்படியே படித்துக் காட்டு. இதில் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்காது.

மத்தியானம் நீயும் ஏதாவது சாப்பிடு. இடைவேளை முழுக்க எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே.

தம்பி


மே 19

என் அவசரத்துக்கு,

நான் நலம். இந்தத் தடவை நம்பலாம்.

உன் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பிக்கு அப்புறம் படித்துக் காட்டினேன். லிஃப்ட் என்றதும் முகத்தில் ஒரு கோணல் சிரிப்பு. மறைந்து வேறு மாடியில் முளைக்காது என்ற இடத்தில் தலையை ஆட்டினார். மூலை வந்தது. மூன்று புள்ளி வந்தது. நிறுத்தினேன்.

அவர் சொல்லவில்லை.

களைத்துவிட்டாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். கண் நன்றாகத் திறந்துதான் இருந்தது. சரி என்று நானே "ஆகவே" என்று சொல்லி மேலே படிக்கப் போனேன்.

"இல்ல" என்றார்.

எனக்குக் காது கேட்டதா என்றே சந்தேகம். "என்ன சொன்னீங்க?"

"இல்ல. இல்ல." இடது கை விரல் உன் மூன்று புள்ளியின்மேல் குத்திக்கொண்டிருந்தது.

பென்சிலைக் கொடுத்தேன். இடது கையில் வாங்கி உன் கடிதத்தின் ஓரத்திலேயே ஒரு மூலை வரைந்தார், கூரை மாதிரி. அந்தக் கூரையின் இரண்டு சரிவிலும் சின்னச் சின்ன மூலைகள். அந்தச் சின்ன மூலைகளின் சரிவில் இன்னும் சின்னவை. கோடு கோணலாகப் போகிறது, நிறுத்தவில்லை. கடைசியில் கோடு முழுக்கக் கறுத்துப்போனது. அப்புறம் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. எல்லா இடமும் மூலையாகவே இருக்கும், ஆனால் எங்கேயும் அறுந்திருக்காது. புத்தகத்தில் பின்னால் தேடினேன். அப்படி ஒரு கோடு உண்டு என்று கடைசி அத்தியாயத்தில் போட்டிருக்கிறது. நீ எழுதியது தப்பு தம்பி, முழுத் தப்பு. உன்னை எப்படிக் கொஞ்சுவது என்று தெரியவில்லை.

உன் அக்கா இல்லையா, சோதித்துப் பார்க்காமல் விடுவேனா? "தண்ணி வேணுமா?" என்றேன். "ஆகவே" என்று கையை நீட்டினார். வேண்டாத வேளையில் ஜன்னலைச் சாத்தப் போனேன். "இல்ல." சாயங்காலம் மறுபடி போனேன். "இல்ல." புதுச் சொல் சும்மா வரவில்லை, அர்த்தத்தோடுதான் வந்திருக்கிறது.

அதற்கப்புறம் ஒரு வாரம் ஒரு கேள்வியை வாயிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பயம்தான். "தம்பி வரட்டுமா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று சொல்ல அவரிடம் சொல் கிடையாது. ஆகவே என்பார், நான் எப்படி எடுத்துக்கொள்வது? மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டால்?

இன்று காலை சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது கேட்டுவிட்டேன். "உங்க மச்சானை வர வேண்டாம்னே எழுதிடட்டுமா?"

"இல்ல."

"வேலை இருக்கும் அவனுக்கு. அப்புறம் பார்த்துக்கலாம்னு எழுதிடறேன்."

"இல்ல."

"பாவம், அவன் வந்தா தப்புத் தப்பாப் பேசுவான். உங்களுக்கு எதுக்கு எரிச்சல்? வேண்டாம்னே எழுதறேனே."

"இல்லன்னா இல்ல" என்று ஒருவர் எரிந்து விழுவாரே, அந்தக் குரலில் அதே ஒற்றைச் சொல்லைத்தான் சொன்னார். என் கையைத் தட்டிவிட்டு, மீதிப் பொத்தானை இடது கையால் தானே போடப் பார்த்தார். அக்டோபருக்கு முன்னால் நான் தினமும் கேட்ட எரிச்சல் அது. ஒரு மாற்றமும் இல்லை.

சனிக்கிழமை ரயிலுக்கு இடம் கிடைக்கிறதா பார்.

அக்கா